மாப்பிள்ளை எங்கே வேலை பார்க்கிறார்?

கல்யாணத்துக்குப் பேர்போன ஊர் நாராயணவனம். ஆகாசராஜன் மகள் பத்மாவதியை ஸ்ரீநிவாசன் கைப்பிடித்தது இங்கேதான் என்கிறது தலபுராணம். புத்தூரிலிருந்து ஆட்டோ பிடித்தால் கொஞ்ச நேரத்தில் ஊருக்குள் இறங்கிவிடலாம். திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாகத்தில் உள்ள கல்யாண வெங்கடேஸ்வரர் கோயிலுக்கு, தள்ளிப்போகும் கல்யாணம் கைகூட வேண்டும் என்று தமிழ்நாட்டுப் பக்கமிருந்தும் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

அந்தக் கல்யாணச் செலவுக்கு ஸ்ரீநிவாசன் குபேரனிடம் கடன் வாங்கினார், பக்தர்கள் உண்டியலில் போடுவதெல்லாம் அந்தக் கடனுக்கான வட்டி என்பது ஐதீகம். மாநில அரசுகளின் கடனுக்கு வட்டி எந்த உண்டியலிலிருந்து போகிறது என்பதும் ஊரறிந்த விஷயம்தான். அந்த உண்டியலுக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்கிறார். பணத்தை வாங்கி எண்ணி, பாட்டிலை எடுத்துக் கொடுத்து, சில்லறைக்குச் சண்டை போட்டு, இரவு ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போகிறார். இந்த வட்டாரத்தில் பெண் பார்க்கும் பேச்சில் "பையன் என்ன பண்றார்?" என்று கேட்டால், அவர் வீட்டார் பொதுவாக "சேல்ஸ்ல இருக்கார்" என்பார்கள். எந்தக் கம்பெனி என்ற அடுத்த கேள்விக்குத்தான் தொண்டை அடைக்கும். தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் இந்தப் பகுதியில் மதுக்கடைக்கு ஒரே சொல்: ஒயின்ஸ்.

ஒயின்ஸ் கவுன்டரில் நிற்கும் சேல்ஸ்மேன், பாரில் கிளாஸ் எடுக்கும் பையன், நட்சத்திர ஓட்டலில் கோட் போட்டு நிற்கும் பார்டெண்டர் என மூன்று வகை ஆட்களும் செய்வது ஏறக்குறைய ஒரே வேலை. ஆனால் மரியாதை, சம்பளம், சட்டப் பாதுகாப்பு என்று எதை எடுத்தாலும் மூவரும் மூன்று உலகத்தில் இருக்கிறார்கள். மதுவைப் பற்றி நாம் பேசாத நாளில்லை. அதை ஊற்றிக் கொடுப்பவரைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

நாராயணவனம் அன்று இருந்த சித்தூர் ஜில்லாவுக்கு மதுவிலக்கு புதிதல்ல. சென்னை ராஜதானியின் பிரதமராக இருந்த ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அக்டோபரில் அது சித்தூருக்கும் கடப்பைக்கும் வந்தது. இன்றைய தமிழ்நாட்டின் பல ஜில்லாக்கள் 'ஈரமாக' இருந்த காலத்தில் நாராயணவனத்துக் கள்ளுக்கடை மூடப்பட்டுவிட்டது என்று அர்த்தம். ராஜதானி முழுக்க மதுவிலக்கு வர 1948 ஆனது.

பிறகு மொழிவழி மாநிலங்கள் பிரிந்தன, இரண்டு பக்கமும் கடைகள் திறந்தன. தமிழ்நாட்டில் 1971இல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. ஆந்திரத்தில் 1992இல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் சாராயக் கடையை எதிர்த்துக் கிளம்பினார்கள். எழுத்தறிவு இயக்க வகுப்புகளில் கூடிய பெண்கள் அவர்கள். அந்தப் போராட்டம் மாநிலம் முழுக்கப் பரவி 1993இல் சாராயத் தடையில் முடிந்தது. 1994 தேர்தலில் ஜெயித்த என்.டி.ராமராவ், 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1997இல் அவருடைய மருமகன் சந்திரபாபு நாயுடுவின் அரசு அதைத் தளர்த்தியது.

இந்த வரலாற்றைக் குடிப்பவர் பக்கமிருந்தும், குடியால் அழிந்த குடும்பத்தின் பக்கமிருந்தும் நிறைய எழுதியிருக்கிறார்கள். எழுதத்தான் வேண்டும். ஒரு வீட்டின் அரிசிப் பானையைக் காலி செய்யும் பாட்டிலுக்கு வக்காலத்து வாங்குவது இந்தக் கட்டுரையின் வேலையில்லை. ஆனால் ஒவ்வொரு முறை கடை மூடியபோதும் திறந்தபோதும் கை மாறியபோதும் ஒரு கூட்டம் வேலை இழந்து தெருவுக்கு வந்தது. 1938இல் அது மரமேறிகள். 2024இல் அது பட்டப்படிப்பு முடித்த இளைஞர்கள்.

2019இல் ஜெகன்மோகன் ரெட்டி ஆட்சிக்கு வந்ததும், படிப்படியாக மதுவிலக்கு என்ற வாக்குறுதியின் முதல் படி என்று சொல்லி, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் சில்லறை மது விற்பனையை அரசே எடுத்துக்கொண்டது. நான்காயிரத்துச் சொச்சம் தனியார் கடைகள் போய், மது கார்ப்பரேஷன் நடத்தும் 3,500 கடைகள் வந்தன. கடையோடு ஒட்டியிருந்த 'பர்மிட் ரூம்' என்ற நின்று குடிக்கும் அறைகள் மூடப்பட்டன. கடைகளுக்கு சூபர்வைசர்களும் சேல்ஸ்மேன்களும் வேண்டியிருந்தது. சூபர்வைசருக்கு டிகிரி, சேல்ஸ்மேனுக்கு இன்டர்மீடியட் தகுதி. மாதச் சம்பளம் முறையே 17,500 ரூபாய், 15,000 ரூபாய். வேலை ஒப்பந்த முறையில்தான். ஆனாலும் போர்டில் அரசாங்கத்தின் பெயர் இருந்தது. வீட்டில் "கவர்மென்ட் கடை" என்று சொல்லிக்கொள்ள முடிந்தது.

அந்த ஐந்து வருடம் அவர்கள் நின்ற இடம் எளிதான இடமல்ல. வாடிக்கையாளர் கேட்கும் பிராண்டு இருக்காது. கேள்விப்படாத பெயர்களில் பாட்டில்கள் வரும். 'பிரெசிடென்ட் மெடல்', 'பூம் பூம் பீர்' என்ற பெயர்கள் ஆந்திரத்தைத் தாண்டித் தமிழ்நாட்டு வாட்ஸ்அப்பிலும் கேலியாக ஓடின. விலையோ உயர்ந்துகொண்டே போனது. கொரோனா ஊரடங்கில் 2020 மே 4 அன்று கடைகள் திறந்தபோது 25 சதவீதம், மறுநாளே மேலும் 50 சதவீதம். பெரும்பாலான கடைகளில் ரொக்கம் மட்டும்தான். பெட்டிக்கடையில் கூட போன் பே வந்துவிட்ட காலத்தில் ஒயின்ஸில் மட்டும் நோட்டை நீட்ட வேண்டும். பிராண்டை முடிவு செய்தவரும் விலையை ஏற்றியவரும் ரொக்கம்தான் என்று சொன்னவரும் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நிற்கவில்லை. வசவு வாங்கியவர் மட்டும் அங்கே நின்றார்.

அந்த மே முதல் வாரத்தில் எல்லையோர ஊர்களில் நடந்ததைப் பலரும் மறந்திருப்பார்கள். தமிழ்நாட்டில் டாஸ்மாக் திறக்க மே 7 ஆகும் என்ற நிலையில், திருவள்ளூர், வேலூர்ப் பக்கத்து ஆட்கள் கால்நடையாகவும் பைக்கிலும் சித்தூர் மாவட்டத்துக் கடைகளை நோக்கிப் படையெடுத்தார்கள். ஊரே வீட்டுக்குள் முடங்கியிருந்தபோது நூற்றுக்கணக்கானவர்களின் மூச்சுக்கு எதிரே நின்று விற்பனை செய்தவர் அந்தப் பதினைந்தாயிரம் ரூபாய் சேல்ஸ்மேன். மருத்துவர், செவிலியர், தூய்மைப் பணியாளருக்குக் கை தட்டினோம். இவருக்குத் தட்டியிருக்க முடியாது என்பது புரிகிறது. ஒரு முகக்கவசமாவது ஒழுங்காகக் கொடுத்தார்களா என்று கேட்டிருக்கலாம்.

2024இல் ஆட்சி மாறியது. அக்டோபர் 14 அன்று 3,396 கடைகளுக்கு மாவட்டந்தோறும் குலுக்கல் நடந்தது. திரும்பக் கிடைக்காத இரண்டு லட்ச ரூபாய் விண்ணப்பக் கட்டணத்துக்கு ஏறத்தாழ 90,000 விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. ஒரு பாட்டில் விற்பதற்கு முன்பே அரசுக்கு ஆயிரத்து எழுநூறு கோடிக்கு மேல் வரவு. அக்டோபர் 16 முதல் தனியார் கடைகள், 99 ரூபாய் குவார்ட்டர், காலை 10 முதல் இரவு 10 வரை விற்பனை. குலுக்கலில் கடை கிடைத்தவர்களின் கொண்டாட்டம் தொலைக்காட்சிகளில் ஓடியது. அதே வாரம் அரசுக் கடை ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் வீட்டுக்குப் போனார்கள். மாற்று வேலை கேட்டு ஆர்ப்பாட்டங்கள் நடத்தியும் பார்த்தார்கள். ஐந்து வருட அனுபவச் சான்றிதழோடு இனி எந்தக் கம்பெனியில் போய் நிற்பது? சிலர் புது முதலாளியிடமே அதே கவுன்டருக்குப் பின்னால் போய் நின்றார்கள். சட்டை மட்டும் வேறு.

புதிய கொள்கையில் கள் இறக்கும் சமூகத்தினருக்கென்று 10 சதவீதக் கடைகள், அதாவது 340 கடைகள், ஒதுக்கப்பட்டன. நியாயமான ஏற்பாடு. மரமேறியின் பேரனுக்குக் கடை கிடைக்க வழி செய்த அரசு, முந்தைய வாரம் வரை தன் பெயரிலேயே விற்றுக்கொண்டிருந்த சேல்ஸ்மேனுக்கு என்ன வழி என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

நாராயணவனத்திலிருந்து நாகலாபுரம் வழியாகப் போனால் ஊத்துக்கோட்டை. நகரி வழியாகப் போனால் திருத்தணி. இரண்டு பாதையும் டாஸ்மாக் நாட்டுக்குள் கொண்டுபோய் விடும். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1983இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கிய நிறுவனம், ஜெயலலிதா ஆட்சியில் 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் எடுத்துக்கொண்டது. ஆந்திரத்தில் முதலாளி மாறிக்கொண்டே இருக்கிறார் என்றால், தமிழ்நாட்டில் இருபது ஆண்டுக்கு மேலாக ஒரே முதலாளி. அப்படியென்றால் நிலைமை நன்றாக இருக்க வேண்டுமே?

2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் தெரிவித்த கணக்கு இது: 6,567 மேற்பார்வையாளர்கள், 14,636 விற்பனையாளர்கள், 2,426 உதவி விற்பனையாளர்கள். மொத்தம் 23,629 பேர். அவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் ஊதிய உயர்வு. அதற்கு ஆண்டுக்கு ஆகும் செலவு 64.08 கோடி. அதற்கு முந்தைய மாதம் முடிந்த நிதியாண்டில் டாஸ்மாக் வழியே அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி. வரவையும் ஊதிய உயர்வையும் வகுத்துப் பார்த்தால், நூறு ரூபாய்க்குப் பதினான்கு பைசா கூட விற்றவர் கைக்குப் புதிதாகப் போகவில்லை. இவர்கள் இன்னும் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று சொல்லும் 1981ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தைக் காட்டித் தொழிற்சங்கங்கள் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. சேர்ந்தபோது கல்யாணமாகாத இளைஞராக இருந்தவரின் பிள்ளை இன்று கல்லூரிக்குப் போகிறது.

பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குகிறார்கள் என்ற புகார் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். வாங்குவது தவறுதான், நடவடிக்கையும் எடுக்கிறார்கள். உடைந்த பாட்டிலின் விலையும் இறக்குகூலியும் கடையின் சில்லறைச் செலவுகளும் எங்கள் தலையில்தான் விழுகின்றன என்பது ஊழியர்கள் தரப்பு. எனக்கு இரண்டு தரப்புமே முழுசாக ஒப்பவில்லை. ஆனால் இவ்வளவு பெரிய வணிகத்தில் உடைசலுக்கு யார் பொறுப்பு என்பது போன்ற அற்ப விஷயத்தைக் கூடச் சண்டையில்லாமல் தீர்த்து வைக்க முடியவில்லை என்றால், அதைச் சேல்ஸ்மேனின் பேராசை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. இப்போது காலி பாட்டிலைத் திரும்ப வாங்கும் திட்டமும் வந்திருக்கிறது. நீலகிரிக் காடுகளில் யானைகளின் காலை உடைந்த கண்ணாடி கிழிக்கிறது என்று உயர் நீதிமன்றம் கவலைப்பட்டதில் 2022இல் பிறந்த நல்ல திட்டம். பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியாகக் கொண்டுவந்தால் திருப்பித் தர வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டுவது, காலி பாட்டிலை வாங்கி அடுக்குவது, பத்து ரூபாய் எண்ணுவது எல்லாம் அதே ஆளுடைய வேலை. ஆள் கூட்டாமல் வேலையைக் கூட்டுகிறார்கள் என்று மாவட்டம் மாவட்டமாகப் போராட்டம் நடந்தது.

இவர்களுக்காவது ஒரு பட்டியல் இருக்கிறது. அடுத்த கதவைத் திறந்தால் பார். அங்கே வேலை செய்பவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. டாஸ்மாக் கடையை ஒட்டிய பாருக்கு விடப்படும் டெண்டர், தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில் சேகரிக்கவும் தரப்படும் உரிமைக்கானது. மது கடையினுடையது. இடம் இன்னொருவருடையது. சுண்டலும் ஆம்லெட்டும் வாட்டர் பாக்கெட்டும் பிளாஸ்டிக் கிளாசும் டெண்டர் எடுத்தவருடையவை. நடுவில் மேசை துடைப்பவர், சைடிஷ் கொண்டுவருபவர், வாந்தியைக் கழுவிவிடுபவர் யாருடைய ஆள்? காகிதத்தில் அவர் தின்பண்டக் கடை ஊழியர். நிஜத்தில் அவர்தான் பார் அட்டெண்டர். டெண்டர் முடிந்தால் அவர் வேலையும் முடியும். சம்பளத்தை விட டிப்ஸ் பெரிது என்று நம்பி வந்தவர்கள் அதிகம். வட இந்தியாவிலிருந்து வந்த பையன்கள் அந்த இடத்தை நிரப்பத் தொடங்கியிருப்பதையும் யாரும் பார்க்கலாம். மொழி தெரியாததால் வசவு புரியாது என்பது முதலாளிக்கு வசதி.

வேலை எப்படிப்பட்டது? குவார்ட்டர் பெட்டி ஒன்றில் 180 மில்லி பாட்டில் 48 இருக்கும். மது மட்டும் எட்டரை லிட்டருக்கு மேல், கண்ணாடியின் எடை தனி. லோடு வரும் நாளில் அதைத் தூக்கி அடுக்க வேண்டும். பிறகு கடை மூடும்வரை நிற்க வேண்டும். பண்டிகைக்கு முந்தைய நாள்தான் கூட்டம் நெரியும் என்பதால், ஊருக்குத் தீபாவளி என்றால் இவருக்கு இரட்டை வேலை. தமிழ்நாட்டில் குடியரசு நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி, வள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மிலாடி நபி, மே தினம் ஆகியவை உலர் நாட்கள். காந்தியும் வள்ளலாரும் மதுவை எதிர்த்தவர்கள். மதுக்கடைக்காரருக்கு நிச்சய விடுமுறை வாங்கிக் கொடுத்தவர்களும் அவர்கள்தான்.

21 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது என்கிறது இரு மாநிலச் சட்டமும். எதிரே நிற்பவருக்கு இருபதா இருபத்தொன்றா என்று ஒரு நொடியில் முடிவு செய்ய வேண்டியவர் சேல்ஸ்மேன். ஆதார் கேட்டால் அடி விழலாம், கேட்காமல் விட்டால் வேலை போகலாம். போதை ஏறியவருக்கு இன்னொரு குவார்ட்டர் இல்லை என்று சொல்வதும் அப்படித்தான். குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவரின் ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது, போலீஸ்காரர் கையில் ஊதச் சொல்லும் கருவி இருக்கிறது. பார் பையனிடம் இருப்பது கண் மட்டும்தான். "போதும்ணே, வீட்டுக்குப் போங்கண்ணே" என்று சொல்லத் தெரிந்த பையன் ஒருவன் எத்தனை விபத்தைத் தடுத்திருப்பான் என்பதற்குக் கணக்கு யாரிடமும் இல்லை.

ஆபத்தும் கையெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. இரவு வசூலை எடுத்துக்கொண்டு கிளம்பும் நேரம்தான் பயமான நேரம் என்பார்கள். 2021 அக்டோபரில் ஒரகடம் அருகே கடை மூடிவிட்டுக் கிளம்பிய விற்பனையாளர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். 2023 மார்ச்சில் சிவகங்கை மாவட்டம் பள்ளத்தூர் கடைக்குள் பெட்ரோல் குண்டு வீசப்பட்டதில் தீக்காயமடைந்த விற்பனையாளர் இறந்தார்.

இதே வேலைக்கு இன்னொரு முகமும் உண்டு. கேட்டரிங் கல்லூரிகளில் அதற்குப் பாடத்திட்டமே இருக்கிறது. திராட்சை எந்த மண்ணில் விளைந்தது, எந்தக் கிளாசில் எதை ஊற்றுவது, ஸ்மால் என்றால் 30 மில்லி, லார்ஜ் என்றால் 60 மில்லி, பெக் மெஷரில் ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் அளப்பது எப்படி என்றெல்லாம் கற்றுத்தருகிறார்கள். புத்தூர், நகரிப் பக்கத்துப் பையன்களும் படித்துவிட்டுச் சென்னை, பெங்களூர், வளைகுடா, கப்பல் என்று போகிறார்கள். கப்பலில் பார்டெண்டர் என்றால் பெண் வீட்டில் மறுபேச்சில்லை. அதே ஆள் திருத்தணி டாஸ்மாக் பாரில் வேலை பார்த்தால் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். குற்றம் மதுவில் இல்லை போலிருக்கிறது, கிளாஸ் பிளாஸ்டிக்காக இருப்பதில்தான்.

பெண்களுக்கு இந்தக் கதவு நீண்ட காலம் சட்டத்தாலேயே மூடியிருந்தது. டெல்லியில் அமலில் இருந்த 1914ஆம் ஆண்டு பஞ்சாப் கலால் சட்டத்தின் 30ஆவது பிரிவு, மது அருந்தும் இடங்களில் எந்தப் பெண்ணையும், 25 வயதுக்குக் கீழான ஆணையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. ஓட்டல் நிர்வாகம் படித்த பெண்கள் வேலை கேட்டபோது இது குறுக்கே நின்றது. அனுஜ் கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரில் அந்தப் பிரிவு செல்லாது என்றது. பெண்ணைப் பாதுகாக்கிறோம் என்று சொல்லி அவளை வேலையிலிருந்து வெளியேற்றக் கூடாது, வேலையிடத்தைப் பாதுகாப்பாக்குவதுதான் அரசின் வேலை என்பது தீர்ப்பின் சாரம். இலங்கையில் 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர, பெண்கள் மது வாங்கவும் மதுக்கூடங்களில் வேலை செய்யவும் 1979 முதல் இருந்த தடையை நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பப் பெறச் சொன்னார். கேரளத்தின் அரசு மதுக்கடைகளில் பெண்கள் கவுன்டரில் உட்கார்ந்து பில் போடுகிறார்கள், வானம் இடிந்து விழவில்லை.

மறுபடி ஆந்திரத்துக்கு வருவோம். 2025 செப்டம்பர் 1 முதல் மூன்றாண்டுக்குப் புதிய பார் கொள்கை நடைமுறைக்கு வந்தது. மாநிலம் முழுக்க 840 பார், காலை 10 முதல் நள்ளிரவு 12 வரை. ஐம்பதாயிரத்துக்கு மேல் ஐந்து லட்சம் வரை மக்கள்தொகை உள்ள ஊரில் ஆண்டு லைசென்ஸ் கட்டணம் 55 லட்சம். பழைய பர்மிட் ரூம்களும் கட்டணத்துக்குத் திரும்பி வந்தன. அவை திரும்பிய இடங்களில் கிளாஸ் கழுவும் பையன்களும் திரும்பினார்கள். அந்த அக்டோபரில் அன்னமய்ய மாவட்டம் முலகலசெருவில் போலி மது தயாரிப்பு பிடிபட்டதும், ஒவ்வொரு பாட்டிலிலும் உள்ள கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பார்த்த பிறகே விற்க வேண்டும் என்ற உத்தரவு வந்தது. அரசு எங்கோ தவறவிட்ட போலியை, கூட்டம் நெருக்கும் கவுன்டரில் ஒற்றை ஆள் செல்போனை நீட்டிப் பிடிக்க வேண்டும்.

கடை எங்கே இருக்கக் கூடாது என்பதில் மட்டும் விதிகள் துல்லியமாக இருக்கின்றன. கோயிலிலிருந்து, பள்ளியிலிருந்து, மருத்துவமனையிலிருந்து இத்தனை மீட்டர். திருமலையில் ஒரு சொட்டுக் கூடாது. கடையின் சி.சி.டி.வி. கேமரா, விலைப்பட்டியல், திறக்கும் நேரம், மூடும் நேரம் எல்லாவற்றுக்கும் விதி உண்டு. நிற்பவருக்கு ஒரு நாற்காலி, வாரத்தில் ஒரு விடுமுறை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. ஆகியவை இருந்தால்தான் லைசென்ஸ் என்று ஒரு வரி சேர்த்தால் கலால் துறைக்குக் காசு செலவில்லை. கடைகளும் நிறுவனங்களும் சட்டம் 1988 முதல் ஆந்திரத்தில் இருக்கிறது, தொழிலாளர் துறையும் இருக்கிறது. கலால் இன்ஸ்பெக்டர் வந்து பாட்டிலை எண்ணிவிட்டுப் போகும் கடைக்குள் தொழிலாளர் இன்ஸ்பெக்டர் வந்து ஆளை எண்ணினார் என்ற செய்தியை மட்டும் எந்தப் பேப்பரிலும் படித்த நினைவில்லை.

2024இல் குலுக்கலில் கொடுத்த கடை லைசென்ஸ்களுக்குக் காலக்கெடு 2026 செப்டம்பர் 30. அடுத்த குலுக்கலுக்குப் பணம் சேர்க்க நினைப்பவர்களுக்கு அந்தத் தேதி தெரியும். கவுன்டருக்குப் பின்னால் நிற்பவர்களுக்கும் தெரியும்.